உள்ளே எத்தனை பேர்?

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொய் சொல்வார்கள். வருஷக்கணக்கான அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பிழைப்பே அதுதான். மதுரையில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் அவசர அழைப்பு மேசை. கார் தானே ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் தானே பால் வாங்குகிறது, லிஃப்டு மட்டும் இன்னும் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்று உயிரை வாங்குகிறது. உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் பிரச்னை இல்லம்மா, மெதுவா ஆள் அனுப்புங்க" என்பார். குரலில் அப்படியொரு கம்பீரம். பக்கத்தில் அவருடைய ஜூனியர் நிற்பான், அதனால் வந்த கம்பீரம். ஆள் போய்க் கதவைத் திறந்தால் மனுஷன் தொப்பலாக நனைந்து சுவரில் சாய்ந்திருப்பார்.

அதனால் புதிதாக மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது: நலம் விசாரிக்காதே. உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று கேள். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்படி ஊருக்கே தைரியம் சொன்ன செவ்வந்திக்கு, அதாவது எனக்கு, போன ஆடியில் ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. லிஃப்டில் ஓர் அப்பாவும் ரெண்டு பிள்ளைகளும் மாட்டிக்கொண்டு கூப்பிட்டிருந்தார்கள். சின்னது அழுதுகொண்டிருந்தது. "அஞ்சே நிமிஷம் சார்" என்று ஆரம்பித்தேன். நெஞ்சை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கினார்கள். கை மரத்தது, கண் இருட்டியது, செத்தோம் என்றே நினைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பக்கத்து மேசை ரோஸ்லின் அந்த அழைப்பை எடுத்துச் சமாளித்தாள். அவள் அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்தே எனக்கு அதே மூச்சடைப்பு இன்னும் மூன்று தடவை வந்தது.

இதய டாக்டர் என்னென்னவோ ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் குதிரை மாதிரி இருக்கும்மா, வயித்துல கேஸ்தான்" என்றார். எங்கள் ஊரில் மாரடைப்பைத் தவிர மற்றதெல்லாம் கேஸ்தான். சில சமயம் மாரடைப்பும். பிறகு ஒரு மனநல டாக்டரிடம் போனேன். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் மாத்திரை எழுதிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு மேசையிலேயே குறட்டை விட்டேன். இன்னொரு ஆலோசகர் அம்மாள், "ஒரு குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார். அதைச் சொல்ல எதற்கு இவர், என் நாத்தனாரே போதும். அண்ணன் கூட்டிப்போன ஹிப்னாடிச நிபுணர் என்னைத் தூங்க வைக்கிறேன் என்று அவர் தூங்கிவிட்டார். எழுப்பிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் கம்பெனி எங்களை அந்த மனப்பொருத்த மையத்துக்கு அனுப்பியது. புதிதாக வந்த ஏற்பாடு. சரியான டாக்டரைத் தேடி நாம் செருப்பைத் தேய்க்க வேண்டாம். நமக்குப் பதில் நம் நகல் தேடும்.

'எங்களை' என்று சொன்னேன் இல்லையா? அழைப்பு எனக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலும் ஒரு வேன் ஆள் போகும். அம்மா, அண்ணன் முத்துவேல், என் வீட்டுக்காரர் கௌதமன், கட்டுச்சோற்றுப் பை, எல்லாரும் வந்திருந்தார்கள்.

மையத்தில் ரியாஸ் என்றொரு தம்பி. என் தலையில் வலைத்தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டே விளக்கினார். "ஒரு மணி நேரம் கேள்வி கேட்போம்க்கா. நீங்க எப்படி யோசிக்கிறீங்க, எதுக்குத் தயங்குறீங்க, எல்லாத்தையும் மிஷின் பிடிச்சு உங்களை மாதிரியே பேசுற ஒரு நகலை உண்டாக்கும். அந்த நகல் மிஷினுக்குள்ளயே முந்நூறு சொச்சம் டாக்டருங்ககிட்ட ஆறு மாசம் வைத்தியம் பாத்துக்கும். நமக்கு அது ஒரே ராத்திரி. யார்கிட்ட அது நல்லா ஆகுதோ அவர்தான் உங்க டாக்டர்."

"அத்தனை டாக்டரும் உள்ள வந்து உக்காருவாங்களா?" என்றான் அண்ணன்.

"அவங்களுக்கும் நகல் இருக்குண்ணே. இந்த நகலும் அந்த நகலும் பேசிக்கும்."

அம்மாவுக்கு ஒரே கவலை. "ஆறு மாசம்ங்கிறியே தம்பி, அந்தப் புள்ளைக்குச் சோறு யாரு போடுவா?"

ரியாஸ் கதவைக் காட்டினார். "நகல் எடுக்கும்போது கூட யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் வெளிய இருங்க."

"பொம்பளப் புள்ளய மிஷினோட தனியா விட்டுட்டு நாங்க வெளிய போகணுமா? நல்லா இருக்கே கதை!" என்று அம்மா என் பக்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். அம்மா உட்கார்ந்ததால் அண்ணன் உட்கார்ந்தான். கௌதமன் நல்ல மனுஷர், எழுந்தார், அம்மா பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். வெளியே வரிசையில் இன்னும் இருபது குடும்பம் கட்டுச்சோற்றுப் பையோடு நின்றது. ரியாஸ் பெருமூச்சு விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

"ராத்திரி தூக்கம் எப்படி?" என்றது மிஷின்.

"படுத்தா எழுப்ப முடியாது இவளை" என்றாள் அம்மா.

"திடீர்னு பயம் வருதா?"

"எப்பவாச்சும்" என்றேன். அம்மாவின் முகம் சுருங்கியது. "ரொம்ப இல்ல. சும்மா லேசா" என்று சேர்த்துக்கொண்டேன்.

"கடைசியா எப்ப அழுதீங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஞாபகமே இல்லையே!"

"அவங்கப்பா செத்தப்பவே ஒரு சொட்டு விடாத புள்ள இவ" என்று அம்மா மிஷினிடம் பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் காலை செய்தி வந்தது. வாழ்த்துகள், செவ்வந்தி! உங்கள் நகல் ஏறத்தாழ எல்லா டாக்டர்களிடமும் பூரண குணம் அடைந்தது. முதல் இடம்: டாக்டர் நந்தகோபன், தொண்ணூற்றாறு சதவீதப் பொருத்தம். மூன்றே சந்திப்புகள் போதுமானவை.

அம்மா பாயசம் வைத்துவிட்டாள். அண்ணன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "செவ்வந்திக்குக் குணமாயிருச்சு!" என்றான். நான் இன்னும் ஒரு டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி மேலாளருக்கும் அதே செய்தி போயிருந்தது. "வர்ற திங்கக்கிழமை மேசைக்கு வந்திருங்க, சூப்பர்!" என்றார். பாயச டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை மணி அடிக்கும். உள்ளே யாரோ ஒரு குழந்தை அழும்.

இருந்தாலும் தொண்ணூற்றாறு ஆயிற்றே என்று டாக்டர் நந்தகோபனிடம் போனேன். குளிர்ந்த அறை, மெத்து மெத்தென்ற சோபா, மல்லிகை வாசனை. டாக்டர் திரையைப் பார்த்துப் புன்னகைத்தார். என்னை அல்ல.

"உங்க நகல் மாதிரி ஒரு பேஷன்ட் கிடைக்கிறது அபூர்வம். நான் சொன்ன அத்தனையும் கேட்டுச்சு. உங்களை நீங்களே நேசிங்கன்னேன், உடனே நேசிக்க ஆரம்பிச்சிருச்சு!"

"சார், எனக்கு இப்பவே நெஞ்சு அடைக்குது" என்றேன். பொய் இல்லை. கை மரக்கத் தொடங்கியிருந்தது.

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "உங்க நகலுக்கு அப்படி வரலையே?"

"நகலுக்கு வரல. எனக்கு வருது!"

"கொஞ்சம் ஒத்துழைச்சீங்கன்னா உங்களுக்கும் வராது" என்றார், ரொம்பக் கனிவாக.

அவருடைய கிளினிக் வாசலில் உட்கார்ந்து மூச்சு திரும்பும்வரை காத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். அங்கேயிருந்து நேராக மையத்துக்குப் போனேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை, தனியாக.

ரியாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, எல்லாருகிட்டயும் குணமான ஒரு நோயாளியை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றேன்.

"இங்க பாதிப் பேரு அப்படித்தான்க்கா" என்றார் சோற்றைப் பிசைந்தபடி. "நம்ம ஊர்ல நகலுங்க எல்லாம் ரொம்ப ஆரோக்கியம். மேலிடத்துல மதுரை மக்கள் மனநலம் பிரமாதம்னு பெருமைப்படுறாங்க."

"ஏறத்தாழ எல்லா டாக்டரும்னு போட்டிருந்துச்சே. யாருகிட்ட குணமாகல?"

"கடைசியை யாரும் பாக்க மாட்டாங்களேக்கா."

"நான் பாக்கிறேன்."

கையைக் கழுவிவிட்டு வந்து தேடினார். டாக்டர் கிரேஸ் ராஜாத்தி, அருப்புக்கோட்டை. நாலு சதவீதம். ரெண்டாவது சந்திப்பிலேயே நோயாளி நிலை மோசம், சிகிச்சை நிறுத்தம். "இந்த டாக்டரம்மா யாருக்குமே மேல வர மாட்டாங்க" என்றார் ரியாஸ். "நகலை எல்லாம் அழ விட்டுருவாங்க. மிஷின் அதை மோசம்னு கணக்கு வச்சுக்கும்." அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இருந்தது. எனக்கு ஒரு ஹெட்செட்டைக் கொடுத்தார்.

முதலில் என் குரல்தான் வந்தது. வாய் நிறையச் சிரிப்போடு, "நல்லா இருக்கேன் டாக்டர்! சும்மாதான் வந்தேன்!" கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாகவா பேசுகிறேன்?

டாக்டரின் குரல் கட்டையாக இருந்தது. "அது இருக்கட்டும். உங்க பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

நலம் விசாரிக்கவில்லை. உள்ளே எத்தனை பேர் என்று கேட்கிறாள்! முந்நூறு பேரில் ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது.

நகல் இருந்தது மிஷினுக்குள். அதற்குப் பக்கமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆனாலும் அது குரலைத் தாழ்த்தி, "அம்மா" என்றது.

"அவங்க இருந்தா என்ன?"

"மெதுவாக் கேளுங்க டாக்டர். அவங்க காதுல விழும்."

"விழுந்தா என்ன ஆகும்?"

பிறகு ஒரு சத்தம். அது என்னவென்று புரிய எனக்கே நேரமாயிற்று. அந்தச் சத்தத்தை நான் வருஷக்கணக்கில் போட்டதே இல்லை. உடனே மிஷின் அறிவித்தது: நோயாளியின் நிலை மோசமடைந்துள்ளது.

ஹெட்செட்டைக் கழற்றினேன். பாவமாக இருந்தது. எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. முந்நூறு டாக்டரிடம் ஆறு ஆறு மாசம், இடைவிடாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே கிடந்திருக்கிறது.

"இந்த நகலை என்ன பண்ணுவீங்க?"

"இன்னிக்குச் சாயங்காலம் மிஷின்லேர்ந்து தூக்கிருவோம்."

"அந்த டாக்டரம்மாகிட்ட இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வச்சிட்டு அப்புறம் தூக்குங்க தம்பி. அழுது முடிக்கட்டும்."

ரியாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது அம்மா பையோடு நின்றாள். "நாலு மார்க் எடுத்த டாக்டரைப் பாக்கப் போறவளைத் தனியா விடச் சொல்றியா?" வழி முழுக்க அந்த நாலு மார்க்கைப் பற்றியே பேசினாள். டாக்டர் நந்தகோபனின் சோபாவை நேரில் பார்க்காமலேயே புகழ்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வடைக்கடை, அதற்கு மேலே முதல் மாடியில் கிளினிக். லிஃப்டு இல்லை, நல்லவேளை. டாக்டர் கிரேஸ் ராஜாத்தி ஐம்பது வயதுக்காரர், காட்டன் சேலை, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் அம்மாவைத்தான் பார்த்தார்.

"நீங்க வெளிய உக்காருங்கம்மா."

"நான் பெத்தவ."

"தெரியுது. அதான் சொல்றேன். வெளிய ஃபேனுக்குக் கீழ நல்ல நாற்காலி இருக்கு."

அம்மாவிடம் இப்படி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கதவு மெல்லிய பலகை. ஃபேன் சுற்றும் சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

"என் நகல் பேசினதைக் கேட்டுட்டு யாருமே என்னைத் தேடி வர மாட்டாங்க" என்றார். "உங்களுக்கு எப்படிப் பிடிச்சுது?"

"நீங்க கேட்ட கேள்விதான் டாக்டர். நானும் லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட 'உள்ள எத்தனை பேரு'ன்னுதான் மொதல்ல கேப்பேன். மத்த டாக்டர் நகல் யாருக்கும் ஏன் அது தோணல?"

"அவங்க நகல் எடுக்கும்போது மையத்து மேலாளர் கூடவே உக்காந்திருந்தாரு. அதனால எல்லா நகலும் இனிக்க இனிக்கப் பேசும். என் முறை வந்தப்ப, நீங்க வெளிய போனாத்தான் வாயைத் திறப்பேன்னுட்டேன்." கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "மாத்திரை தேவைப்பட்டாக் குடுப்பேன். பேசாம இருக்கிறதுக்காகக் குடுக்க மாட்டேன். சரி, சொல்லுங்க. உள்ள எத்தனை பேரு?"

நான் விளையாட்டாகத்தான் எண்ணினேன். அம்மா, அண்ணன், வீட்டுக்காரர், நாத்தனார், திங்கட்கிழமை மேசையில் மணி அடிக்கப்போகிற யாரோ ஒரு குழந்தை. "ஓவர்லோடு டாக்டர்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார்.

அப்பா செத்த அன்றைக்கு அம்மா என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கியதைச் சொன்னேன். "நீ அழாதடி. நீ அழுதா நான் தாங்க மாட்டேன், உங்கப்பன் பின்னாடியே போயிருவேன்" என்றாள். அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டால்? நான் பயந்துவிட்டேன். அன்றைக்கு அழுகையை விழுங்கினதுதான். காப்பி போட்டேன், வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன், மூன்று வருஷமாக அம்மா முன்னால் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். பிறகு நான் அழுத அழுகை இருக்கிறதே, அடக்கமான அழுகை இல்லை. மூக்கு ஒழுக, தொண்டை கிழிய, அப்பா அப்பா என்று கத்தி அழுதேன். நடுவில் ஒரு தடவை கதவைப் பார்த்தேன். கேட்டிருக்கும். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு என்ன ஆகிறதோ? டாக்டர் எழுந்துபோய்ப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு துண்டைத்தான் நீட்டினார்.

அப்புறம் நிறையப் பேசினோம். எனக்கு வருகிறதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பழக்கிச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது என்றார். சில மாதம் ஆகும், மூன்று சந்திப்பில் எல்லாம் ஆகாது என்றார். அதுவரை என்னை அழைப்பு மேசையில் உட்கார வைக்கக் கூடாது என்று என் முன்னாலேயே கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டார். "நகல் குணமாயிருச்சுன்னா நகலை வேலைக்கு வச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை மணி அடிக்கும், ரோஸ்லின் எடுப்பாள். அந்த ஒரு நினைப்பே தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது.

அம்மா நாற்காலியில் சரிந்து கிடப்பாள், இல்லையென்றால் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

அம்மா ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் எண்ணெய்க் காகிதம்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கீழ வடைக்கடை வரைக்கும் கேட்டுச்சு."

"நீ... தாங்குனியாம்மா?"

அம்மா யோசித்தாள். "மொதல்ல பக்குனு இருந்துச்சு. நானும் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் பசிச்சுச்சு. கீழ போய் ரெண்டு வடை தின்னுட்டு வந்தேன்."

மூன்று வருஷம்! கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எது முதலில் வெளியே வருவது என்று ரெண்டும் அடித்துக்கொண்டன. அம்மா காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். "உனக்கும் ஒண்ணு வாங்கியாந்தேன். ஆறிப்போகுது, தின்னு."

தின்றேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ரெண்டு படி இறங்கியவள் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அடுத்த வாரமும் நான் கூட வருவேன். வெளியதான் உக்காருவேன்."